விரத நாளில் வெளிச்சாப்பாடு: ‘வெஜிடேரியன்’ பலகையை எந்த அளவு நம்பலாம்?

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். தைப்பூசத்திற்கு என் கணவர் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பதால், வீட்டில் எல்லாரும் 48 நாள் சைவம். வேலையிடத்துக்கு அருகிலுள்ள சீன வெஜிடேரியன் கடையில் ‘சைவ மீன்’, ‘சைவக் கோழி’ கிடைக்கின்றன. அவற்றை உண்ணலாமா? பாக்கெட் உணவுக்கு ஹலால் முத்திரை இருந்தால் போதுமா? எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதால் சில ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் எடுத்து வருகிறேன். விரதத்தால் பாதிப்பு வருமா? – பினாங்கு வாசகி

பதில்: அந்தக் கடையில் சாப்பிடலாம். ஆனால், ‘இது வெஜிடேரியனா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டாம். கடைக்காரர் ‘ஆம்’ என்று சொன்னால் அது பொய்யாக இராது. எனினும் அவர் மனத்திலுள்ள சைவமும் உங்கள் வீட்டுச் சைவமும் ஒன்றல்ல. முட்டை சேர்த்திருக்கிறீர்களா, இறால் சேர்த்திருக்கிறீர்களா என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைக்கும்.

ஹொக்கியென் பேச்சில் ‘சியா சாய்’ எனப்படும் சீனச் சைவம், பௌத்த, தாவோ நெறிகளை ஒட்டி வந்தது. இறைச்சி, மீன் ஆகியவற்றுடன் வெங்காயம், பூண்டு, லீக்ஸ் போன்றவற்றையும் அது விலக்குகிறது. அந்த வகையில் நம்மில் பலருடைய விரதச் சமையலைவிட அது கடுமையானது. வேறுபாடு முட்டையில் வருகிறது. நமக்கு முட்டை கவுச்சி. பாலும் தயிரும் சைவம். சீனச் சைவக் கடைகளிலோ இது கடைக்குக் கடை மாறும். முட்டையைத் தொடாத கடையும் உண்டு, முட்டை போட்டு மீ (நூடல்ஸ்) பிரட்டிக் கொடுக்கும் கடையும் உண்டு.

நீங்கள் குறிப்பிட்ட சைவ மீனும் கோழியும் பெரும்பாலும் சோயாப் புரதம், கோதுமைப் புரதம், காளான் தண்டு, கொன்யாக் கிழங்கு மாவு ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. துண்டுகள் உதிராமல் பிடித்துக்கொள்வதற்காகச் சில தயாரிப்புகளில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்க்கப்படுவதால், உறைந்த நிலையில் வந்த பாக்கெட்டைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. தைவானில் தயாரானதாக இருந்தால் வேலை எளிது. அந்நாட்டில் சைவ உணவின் உறையில் முழுச் சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், முட்டையும் பாலும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது என ஐந்து பிரிவுகளில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். குறிப்பு சீன எழுத்தில் இருக்கும் என்பதால், கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மீன் வடிவில் பொரித்த சோயாவை விரதத்தில் உண்பது முறையா என்ற கேள்விக்கு உணவியலில் விடையில்லை. என் வீட்டில் அதைத் தவிர்க்கிறோம். வாயைக் கட்டுவதாக வேண்டிக்கொண்டு வஞ்சிர வறுவலின் சாயலைத் தேடிப் போவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. விரதம் உங்கள் கணவருடையது என்பதால், முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

ஹலால் முத்திரை சைவத்துக்குச் சான்றாகாது. இஸ்லாமிய முறைப்படி அறுத்த மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் ஹலால்தான். மார்ஷ்மெல்லோ, ஒட்டும் மிட்டாய், சில வகைத் தயிர் ஆகியவற்றில் அது சேரக்கூடும். மாட்டிறைச்சியை ஆண்டு முழுவதும் விலக்கும் குடும்பங்களும் இதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. கடற்பாசியில் செய்யும் அகார் அகாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து பெற்ற பொருள் இருந்தால் உறையில் சொல்லியாக வேண்டும். மீன், பால், முட்டை ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். எனவே முத்திரையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ‘மெங்காண்டுங்கி’ (மலாயில் ‘அடங்கியுள்ளது’) என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். ‘ஈக்கான்’ (மீன்), ‘உடாங்’ (இறால்), ‘தெலூர்’ (முட்டை) என்ற மூன்று சொற்களைத் தேடினாலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

உண்மையில் விரதம் அதிகமாக முறிவது சீனச் சைவக் கடையில் அன்று, கேண்டீனிலும் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் கடையிலும்தான். கங்கோங் கீரை வதக்கலில் பெலாச்சான் (காய்ந்த இறால் விழுது), நாசி லெமாக் சம்பலில் நெத்திலி, பினாங்கு ரோஜாக்கின் கறுப்புக் குழம்பில் இறால் விழுது, காய்கறிப் பிரட்டலில் சிப்பிச் சாறு என, கண்ணுக்குத் தெரியாமல் கவுச்சி கலந்திருக்கும். நாசி கண்டார் கடையில் வெண்டைக்காய் தனியாக வெந்திருந்தாலும், கரண்டி மீன் குழம்பிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வரும். ரொட்டி சானாய் மாவில் முட்டை சேர்ப்பதும் கடைக்காரரின் பழக்கத்தைப் பொறுத்தது.

வெங்காயம், பூண்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விரத வீடுகளில் அந்த வாதம் எழாமல் இராது. பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவைக் குணத்தால் மூன்றாகப் பிரிக்கிறது. அவ்விரண்டின் பெயரும் அதில் இல்லை. விலக்குவது பெரும்பாலும் குடும்ப வழக்கு.

இனி உங்கள் இனிப்பு நீர். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ சேர்த்து எடுப்பவராக இருந்தால், ஒரு வேளை உண்ணும் விரதத்தைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது தட்டு முழுக்கச் சோறும் மீயும் நிறைவதுதான். மீனும் கோழியும் நீங்கிய இடத்தைப் பருப்பு, கொண்டைக்கடலை, தோஃபு, தெம்பே (நொதிக்க வைத்த சோயா) ஆகியவற்றால் நிரப்புங்கள். 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. பி12 வைட்டமினைக் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் 48 நாள் சைவத்தால் அது குறைந்துவிடாது. ஆனால் மெட்ஃபோர்மினை நெடுநாள் எடுப்பதாலேயே அது குறையக்கூடும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் சத்து மருந்துகளில் ஜெலட்டின் உறை இருந்தால், மருந்தகத்தில் மாத்திரை வடிவத்தைக் கேட்டு வாங்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.