மருத்துவர் பதில்கள்: இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் காரமா, கிருமியா?

கேள்வி: என் தந்தை 66 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். காரம் மிகுந்த உணவை அவர் விரும்பி உண்டதால்தான் இந்நோய் வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு இப்போது 41 வயது. காரத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். இனி அஞ்சாமல் இருக்கலாமா? (ஒரு வாசகர்)

பதில்: காரத்தை நிறுத்தியதில் தவறில்லை, ஆனால் அதன்மீது இந்தப் பழியைச் சுமத்தப் போதிய சான்று இல்லை. காரம் சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டும், அவ்வளவே. இந்நோய்க்கு முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. இரைப்பையின் கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதை மறுத்தபோது நம்பியவர்கள் சிலரே என்பதால், மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, தமக்கு இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார் (நோயாளிகள் யாரும் பின்பற்றக் கூடாத முறை இது). 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கவலைக்கு வருகிறேன். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகிறது. இதைக் கேட்டதும் பலரும் மரபணுவைத்தான் நினைக்கிறார்கள். சிடிஎச்1 போன்ற மரபணுக் கோளாறுகள் தலைமுறைதோறும் இந்நோயைக் கொண்டுவரும் குடும்பங்கள் உண்டு என்றாலும், மொத்த நோயாளிகளில் அத்தகையோர் நூற்றுக்கு மூவருக்கு மேல் இல்லை. அதே சமயம், இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. ஒரே சமையலையும் அதே அளவு உப்பையும் வீட்டார் அனைவரும் உண்கிறார்கள். ஆகவே, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, இக்கிருமி உங்களிடம் இருக்கிறதா என்று அறிந்துகொள்வதுதான்.

கேள்வி: பரிசோதனையில் எனக்கு இந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. உலகில் பாதிப் பேருக்கு இது உண்டு என்று படித்தேன். அப்படியிருக்க, நான் மட்டும் ஏன் 14 நாள் மருந்து சாப்பிட வேண்டும்? (ஒரு வாசகி)

பதில்: நியாயமான கேள்வி. தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது. இந்நோய் திடீரென்று முளைப்பதன்று. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலிந்து அழிகின்றன; அவ்விடத்தில் குடலின் உள்வரியைப் போன்ற திசு வளர்கிறது; பிறகு செல்களின் வடிவம் பிறழ்கிறது; கடைசியில்தான் புற்று. இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுப்பது எளிது. திசு மாறிய பிறகு கிருமியை ஒழித்தாலும் ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை. ஆகவே மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் முடித்து, குறைந்தது நான்கு வாரம் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இச்சங்கிலியை விரைவுபடுத்துபவற்றுள் உப்பை முதலில் சொல்வேன். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய மீனும் இறைச்சியும் இரைப்பையின் உள்வரியைப் புண்படுத்துகின்றன. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட்டு இரைப்பையில் தீங்கான நைட்ரோசோ சேர்மங்களாக மாறக்கூடும். குளிர்பதனப் பெட்டி பரவிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் இந்நோய் குறைந்ததற்கு, உப்பிட்டுச் சேமிக்கும் தேவை ஒழிந்ததும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. புகையிலையின் பங்கும் ஐயத்துக்கு இடமில்லாதது. உடற்பருமனும் அமிலம் மேலேறும் தொல்லையும், உணவுக்குழாயை ஒட்டிய மேற்பகுதியில் தோன்றும் புற்றோடு மட்டுமே தொடர்புடையவை.

கேள்வி: எனக்கு இரைப்பையில் அல்சர் இருந்தது. மாத்திரையில் வலி போய்விட்டது. மறுபடியும் எண்டோஸ்கோபி வேண்டும் என்கிறார்கள். அல்சர் புற்றாக மாறுமா? (ஒரு வாசகர்)

பதில்: முன்சிறுகுடலில் வரும் அல்சர் என்றால் பொதுவாக அந்த அச்சம் தேவையில்லை. இரைப்பையில் வருவது அப்படியன்று. அல்சர் புற்றாக மாறியது என்று சொல்லப்படும் பலரிடம், முதலிலேயே புற்றாக இருந்தது அல்சரைப் போலத் தோற்றமளித்திருக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அத்தகைய புண்ணின் வலியையும் தணித்துவிடும் என்பதால், வலி போனதை ஆறியதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. புண் ஆறிவிட்டதா என்று பார்த்து, ஆறாத இடத்தில் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கத்தான் உங்களை மறுபடியும் அழைக்கிறார்கள், தள்ளிப்போடாமல் செல்லுங்கள்.