டெக்சாஸில் 300 டாலருக்குள் தற்காப்புக்கு எந்தச் சின்னக் கைத்துப்பாக்கி வாங்கலாம்?

மாடலைப் பார்க்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதைத் தெளிவாகக் கேட்பார்கள். வயதும் 21 ஆகியிருக்க வேண்டும்.

சரி, அதெல்லாம் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லோரையும் போல நானும் முதலில் ஆசைப்பட்டது பாக்கெட்டில் அடங்கும் .380 பிஸ்டலுக்குத்தான் (.380 என்பது தோட்டாவின் அளவு). முந்நூறு கிராம்கூட இல்லை. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், இருபது தோட்டா சுடுவதற்குள் கை சிவந்துவிட்டது. துப்பாக்கி லேசாக இருந்தால் உதை முழுவதும் கைக்குத்தான் வரும். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் அந்தரத்தில். அப்புறம் ரேஞ்சுக்குப் போகவே மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் விற்றுவிட்டேன்.

அதனால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். என்னிடம் இப்போது இருப்பது டாரஸ் ஜி3சி. பிரேசில் கம்பெனி, 9 மி.மீ. தோட்டா, மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 12 பிடிக்கும், சுமார் 620 கிராம். பெரும்பாலும் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும். இடுப்பில் தெரியாமல் வைக்க வேண்டுமென்றால் ரூகர் ஈசி9எஸ் இன்னும் ஒல்லி, ஆனால் 7 தோட்டாதான். க்ளாக் 43எக்ஸ், சிக் பி365 எல்லாம் அருமையானவை. 300 டாலருக்குப் புதிதாகக் கிடைக்காது.

ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான் இது. ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), பூட்டுப்பெட்டி, பழகுவதற்குக் குறைந்தது 500 தோட்டா, ஒரு நாள் வகுப்பு. இவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தோட்டா விலையிலும் .380-ஐவிட 9 மி.மீ. மலிவு. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் உரிமம் இல்லாமலே எடுத்துப்போகலாம் என்று வகுப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். பூட்டுப்பெட்டியில் மிச்சம் பிடிக்கவே கூடாது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைத்து, அது பிள்ளை கையில் சிக்கினால் இங்கே வழக்கு வரும். வழக்கா பெரிது, வீட்டில் குழந்தை இருக்கிறதே.

வாங்கும் முன் பல ரேஞ்சுகளில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். வீட்டில் இன்னொருவரும் கையாளப் போகிறார் என்றால் அவரையும் கூட்டிப்போங்கள். நாங்கள் நான்கு மாடல் பார்த்தோம். என் மனைவியால் சிரமமில்லாமல் ஸ்லைடை (சுடும் முன் பின்னுக்கு இழுக்கும் மேல்பாகம்) இழுக்க முடிந்தது ஜி3சியில்தான். அதுதான் வீட்டுக்கு வந்தது.