குறிப்பேட்டை விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

கேள்வி: உலாவியில் இயங்கும் குறிப்பேட்டு மென்பொருளான டிட்லிவிக்கியில், ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக என் குறிப்பேட்டை வைத்திருக்கிறேன். இரவில் நான்கைந்து டிட்லர்களை (குறிப்புகளை) திறந்தபடியே உலாவியை மூடுகிறேன். காலையில் பார்த்தால் முகப்பு டிட்லர் மட்டுமே நிற்கிறது. இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்ட இந்த மென்பொருளில் நீங்கள் எழுதும் குறிப்பு ஒரு டிட்லர் என்றால், எந்தெந்தக் குறிப்புகள் திரையில் திறந்திருக்கின்றன என்ற பட்டியலும் ஒரு டிட்லர்தான். ‘ஸ்டோரிலிஸ்ட்’ என்ற அந்தப் பட்டியல் கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. ஆனால் குறிப்பேடு திறக்கும்போது, ‘டிஃபால்ட் டிட்லர்ஸ்’ என்ற இன்னொரு டிட்லரில் எழுதியிருப்பவை அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நேற்றைய பட்டியல் அழிந்துபோகிறது. கண்ட்ரோல் பேனலில் ‘இன்ஃபோ’ பகுதிக்குள் ‘பேசிக்ஸ்’ என்ற டேபைத் திறந்து, தொடக்க டிட்லர்களுக்கான பெட்டிக்கு அருகில் இருக்கும் ‘ரீட்டெய்ன் ஸ்டோரி ஆர்டரிங்’ என்பதை அழுத்துங்கள். அதன் பிறகு டிஃபால்ட் டிட்லர்ஸ் பழைய ஸ்டோரிலிஸ்ட்டையே சுட்டி நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது; பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குறிப்பு ஒன்றைத் திருத்தினால் சேமிக்கும் பொத்தான் சிவக்கும். வெறுமனே டிட்லர்களைத் திறந்து மூடினாலோ டேப் மாற்றினாலோ சிவக்காது, மூடும்போது உலாவியும் எச்சரிக்காது. ஆகவே எதையும் திருத்தாத நாளிலும் மூடுமுன் அந்தப் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும்.

கேள்வி: நான் அதே டிட்லிவிக்கியை, ஒற்றைக் கோப்பாக அல்லாமல், நோடு ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழலில் ஓடும் சர்வரில் இயக்குகிறேன். திறந்த குறிப்புகள் நினைவில் நிற்கின்றன. பக்கப்பட்டையில் தேர்ந்த டேப் மட்டும் ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறதே, ஏன்?

பதில்: டேபின் நிலையைக் காக்கும் டிட்லர்கள், ‘$:/state/’ (ஸ்டேட்) என்ற முன்னொட்டோடு தொடங்குபவை. எவற்றைச் சர்வருக்கு அனுப்பலாம் என்று தீர்மானிக்கும் ‘சிங்க்ஃபில்டர்’ என்ற வடிகட்டி, அந்த முன்னொட்டு உள்ளவற்றை விலக்கிவிடுகிறது; ஸ்டோரிலிஸ்ட்டை விலக்குவதில்லை. ஒற்றைக் கோப்பில் நிலைமை வேறு: அங்கே பாப்அப் நிலைகள் தவிர மற்ற ஸ்டேட் டிட்லர்கள் கோப்போடு போய்விடுகின்றன.

வடிகட்டியில் அந்தப் பகுதியை நீக்கினால் டேபும் நினைவில் நிற்கும். ஆனால் நீங்கள் டேபைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் சர்வரின் வட்டில் ஒரு கோப்பு எழுதப்படும். அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே சர்வரைத் திறந்து வைத்திருப்பவரானால், இங்கே தேர்ந்த டேபை அங்கேயுள்ள உலாவி மாற்றி வைக்கும். என் கருத்தில், டேபும் பக்கப்பட்டையின் அகலமும் அந்தந்தக் கணினிக்கு உரியவை. அவற்றை உலாவியின் உள்ளூர்ச் சேமிப்பகத்தில் வைக்கும் ‘பிரவுசர் ஸ்டோரேஜ்’ பிளகின் (கூடுதல் நிரல்) டிட்லிவிக்கியுடன் அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது. அதை நாடுவது மேல். எப்போதும் ஒரே டேபில் தொடங்கினால் போதும் என்பவருக்கு அதுவும் வேண்டாம். ‘டிஃபால்ட் சைட்பார் டேப்’ என்ற அமைப்பில் அந்த டேபைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

கேள்வி: ஒரு குறிப்பின் தலைப்பை மாற்றினேன். அதற்குள் நான் அமைத்திருந்த டேப்கள் முதல் டேபுக்கே திரும்பிவிட்டன.

பதில்: ஒரே டேப் தொகுதி பல குறிப்புகளுக்குள் வரலாம் என்பதால், அவை ஒன்றையொன்று குழப்பாதிருக்க, எந்தக் குறிப்புக்குள் இருக்கிறது என்பதிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு ஸ்டேட் டிட்லரின் பெயரோடு ஒட்டுகிறார்கள். பக்கப்பட்டையின் ஸ்டேட் டிட்லருக்குப் பின்னால் 595412856 என்ற நீண்ட எண் தொங்குவது இதனால்தான். தலைப்பு மாறினால் எண்ணும் மாறும். பழைய நிலை கேட்பாரற்றுக் கிடக்கும். குறிப்புக்குள் டேப்களை அமைக்கும் கட்டளையான டேப்ஸ் மேக்ரோவில் ‘எக்ஸ்பிளிசிட்ஸ்டேட்’ என்ற அளவுருவுக்கு நீங்களே ஒரு பெயர் கொடுத்துவிட்டால் எண் ஒட்டாது.

கேட்பாரற்றவற்றை நீக்க விரும்பினால், விரிவான தேடலில் ‘ஃபில்டர்’ டேபில் அந்த முன்னொட்டைக் கொடுத்து, வரும் பட்டியலை ஒரேயடியாக அழிக்கலாம்; இப்போது பயன்படும் நிலைகளும் அதோடு போய்விடும். முன்னொட்டைக் குறைத்து இட்டால் வேண்டாதவற்றோடு வேண்டியவையும் போய்விடும் என்பதால், முதலில் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.