முதல் வரியைப் படித்ததுமே உங்களை உள்ளே இழுத்துக்கொண்ட இளையோர் கற்பனை நாவல் எது?

பிலிப் ரீவ் எழுதிய ‘மார்ட்டல் என்ஜின்ஸ்’. 2001-ல் வெளிவந்த ஆங்கில நாவல், பதின்ம வயதினருக்கானது. அதற்கு முன்பு அந்தப் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் இருக்கிறதே, 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு பழைய புத்தகக் கடைகள் குடிபெயர்ந்த இடம், அங்கேதான் கையில் கிடைத்தது. முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை. என்ன கதை என்று தெரிந்துகொள்ள முதல் பக்கத்தைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் வாக்கியம் சொல்வது இவ்வளவுதான்: வசந்த காலம், மந்தாரமான பிற்பகல், காற்று சுழன்றடிக்கிறது, வற்றிப்போன பழைய வடகடலின் தரையில் லண்டன் மாநகரம் ஒரு சின்னச் சுரங்க ஊரைத் துரத்திக்கொண்டு போகிறது.

திண்ணையில் உட்கார்ந்து மழை வருமா என்று பேசுகிறவரைப் போல வானிலையில் ஆரம்பித்து, அதே குரலில், மூச்சு மாறாமல், ஒரு நகரம் இன்னொரு ஊரைத் துரத்துகிறது என்கிறார். நகரத்துக்குச் சக்கரம் பூட்டியது யார், கடல் எங்கே போனது, எதற்கும் விளக்கம் கிடையாது. அவருக்கு அது அன்றாடம், நமக்குத்தான் புதிது. கற்பனை நாவல்களில் பெரும்பாலானவை வரைபடம், அரச பரம்பரை, பழைய தீர்க்கதரிசனம் என்று பாடம் நடத்திவிட்டுத்தான் கதைக்கு வருகின்றன. எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. இங்கே வாசகருக்குப் புரியும் என்று நம்பி எழுதியிருக்கிறார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது வாக்கியம் இன்னும் கூர்மை. நல்ல காலமாக இருந்திருந்தால் லண்டன் இப்படி ஓர் அற்ப இரையைச் சீண்டியிருக்காது என்கிறது. அவ்வளவு பெரிய நகரம் பசியில் இருக்கிறது என்பது இரண்டே வாக்கியங்களில் தெரிந்துவிட்டது. அதன் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

நான் திருவொற்றியூர்க்காரி. ஊரை ஊர் தின்னும் என்பது எனக்கு மாயாஜாலமாகப் படவில்லை. துறைமுகம் கட்டியதும், தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே நகர்ந்துவந்த மணல் அதன் சுவரில் தடைபட்டு நின்றது. மெரினா அகலமானது. ராயபுரத்துக்கு வடக்கே கடல் உள்ளே ஏறி வந்தது, தெருக்களே போயின. எங்கள் ஆயா கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் நின்று, அலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, “அங்கேதான் எங்கள் வீடு இருந்தது” என்பார். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூரில் குப்பைமேடு. மாநகரம் வாழ்வதற்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலையில் நான் டியூஷன் எடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த முதல் வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பையன்கள் லண்டன் எவ்வளவு வேகமாக ஓடும், எத்தனை சக்கரம் என்று கேட்டார்கள். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும், “அந்தச் சின்ன ஊரில் இருக்கிற ஜனங்கள் என்ன ஆவார்கள், அக்கா?” என்றாள்.

நாவலின் உயிரே அந்தக் கேள்விதான். முதல் வரி நம்மைத் துரத்துகிறவர்கள் பக்கத்தில் நிறுத்துகிறது. வரலாற்றாளர் சங்கத்தில் பயிற்சி பெறும் டாம் என்ற பையன், அருங்காட்சியக வேலையைப் போட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஓடி, வேட்டையைப் பார்த்துக் குதூகலிக்கிறான். நாமும் அவனோடு குதூகலிக்கிறோம். சால்ட்ஹுக் என்ற அந்த ஊர் பிடிபடுகிறது. லண்டனின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, விறகுக்கும் இரும்புக்கும் பிரித்துப் போடப்படுகிறது. பெரிய நகரம் சின்ன ஊரைத் தின்பதுதான் இயற்கை நியதி என்று பள்ளியிலேயே படித்தவன் டாம். விரைவிலேயே அவன் தன் நகரத்தைவிட்டு வெளியே விழுகிறான். முகத்தைக் குறுக்கே பிளந்த தழும்புள்ள ஹெஸ்டர் ஷா என்ற பெண்ணோடு, சக்கரங்கள் உழுதுபோட்ட சேற்றில் நடக்கிறான். அதுவரை தளத்தின் மேலிருந்து பார்த்த உலகத்தை அவனும் நாமும் தரையிலிருந்து பார்க்கத் தொடங்குகிறோம்.

2018-ல் இது திரைப்படமாகவும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நாவலைத் தள்ளிவிடாதீர்கள். ஹெஸ்டரின் தழும்பைப் படத்தில் மிகவும் சிறிதாக்கிவிட்டார்கள். அவளுடைய கோபத்துக்கும் கூச்சத்துக்கும் காரணமே அந்த முகம்தான்.

ஆங்கிலம் கடினமில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடலாம். சாவுகள் நிறைய வரும், வேண்டியவர்களும் சாவார்கள். அதனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தொடரில் மொத்தம் நான்கு நாவல்கள், கடைசியானது 2006-ல் வந்தது. வரிசை மாற்றாமல் படியுங்கள். இரண்டாவதில் ஹெஸ்டர் செய்யும் ஒரு காரியத்தை, முதல் நாவலில் அவளைப் பார்த்துப் பழகியவர்களால்தான் மன்னிக்க முடியும்.