தாடை வீங்கிச் சாகும் செம்மறிகள்: முதலில் கண்ணிமையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் பகுதியில் முன்பு வீட்டுக்கு வீடு செம்மறி இருந்தது. இப்போது மந்தை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. என்னிடம் 42 பெட்டைகள், ஒரு கிடா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் குடற்புழு மருந்து கொடுக்கிறேன். ஆனாலும் மழைக்குப் பின் மெலிந்து, தாடை வீங்கிச் சாகின்றன. கழிச்சலும் இல்லை. விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் குடிக்கும் புழுவின் மேல்தான். அது ஆட்டின் நான்காவது வயிற்றில் இருக்கும். பெரும்பாலும் கழிச்சல் வராது. அதனால்தான் பலரும் தீனிக் குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கல்லீரல் தட்டைப்புழுவாலும் தாடை வீங்கும். எனவே புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மேய்ச்சல் நிலம் சுருங்கியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் இளம்புழு புல்லில் ஏறிவிடும். அதுவும் அடிப்புல்லில், தரையிலிருந்து 5 செ.மீ.க்குள்தான் அதிகம். இடம் பரந்து கிடந்தபோது ஆடு நுனியைக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். இப்போது அதே துண்டு நிலத்தை நாள்தோறும் தரையோடு கரம்புகிறது. மந்தைகள் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

சரி, என்ன செய்யலாம்? நல்ல வெளிச்சத்தில் ஆட்டைப் பிடித்து, மேலிமையால் விழியை மெதுவாக அழுத்தி, கீழிமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் செக்கச்செவேல் என்றிருந்தால் இரத்தம் குறையவில்லை, மருந்து வேண்டாம். வெளிறிய இளஞ்சிவப்போ வெள்ளையோ என்றால் அன்றே கொடுங்கள். சட்டென்று பார்த்துவிட வேண்டும், இமையைத் திறந்தே வைத்திருந்தால் சிவந்து ஏமாற்றிவிடும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறப்படிகள் கொண்ட ஃபமாச்சா அட்டையை உருவாக்கினார்கள்.

எல்லா ஆட்டுக்கும் ஒருசேர மருந்து கொடுப்பதை நிறுத்துங்கள். மந்தையில் சில ஆடுகள்தான் பெரும்பகுதிப் புழுவைச் சுமக்கின்றன. எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாகக் கொடுத்தாலும் இதே கதிதான். மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் மறுபடி புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டை பெரிதாகக் குறையவில்லை என்றால் அந்த மருந்து இனி உங்கள் மந்தையில் எடுபடாது. வேறு வகை மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

குட்டி போடும் சமயத்தில் தாயாடு அதிக முட்டை வெளியேற்றும். அவற்றையும் குட்டிகளையும் அறுவடை முடிந்த தாள் நிலத்தில் மேயவிட்டால் நல்லது. மாடு இருந்தால் ஆட்டுக்கு முன் அதை மேயவிடுங்கள். இந்தப் புழு வளர்ந்த மாட்டில் அவ்வளவாகப் பிழைக்காது.

அப்புறம், 42 பெட்டைக்கு ஒரு கிடா போதாது. 25 முதல் 30 பெட்டைக்கு ஒன்று வேண்டும். இருக்கும் கிடாவுக்குப் பிறந்த பெட்டைகள் சினைப் பருவம் அடைவதற்குள் அதை மாற்றிவிடுங்கள். புதுக் கிடாவை வாங்கும்போதும் அதன் கீழிமையைப் பார்த்தே வாங்குங்கள்.