டெல்லர் கவுண்டி தங்கக் கணக்கில் 1899-க்கு முன் ஏன் காலி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தங்க உற்பத்தியைக் கவுண்டிவாரியாக (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) காட்டும் உங்கள் அட்டவணையில், டெல்லர் வரிசை 1899-க்கு முன் ஏன் காலி என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தங்கம் எங்கும் தொலையவில்லை, பக்கத்து எல் பாசோ கவுண்டி கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய டெல்லரில் இருக்கும் கிரிப்பிள் கிரீக் தங்கச் சுரங்க வட்டாரத்தில் 1891-லேயே வேலை தொடங்கியும் உங்கள் அட்டவணையில் டெல்லர் வரிசை காலியாக நிற்கக் காரணம், அப்போது டெல்லர் என்ற கவுண்டியே இல்லை. 1899-ல்தான் எல் பாசோ, பிரீமாண்ட் இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்து உருவாக்கினார்கள். கொலராடோவில் இந்தத் தொல்லை வேறு இடங்களிலும் உண்டு. கிரீட் வெள்ளிச் சுரங்கங்கள் இருக்கும் மினரல் கவுண்டியும் 1893-ல் பிறந்ததுதான்.

சரிபார்க்க, எல் பாசோ வரிசையை எடுத்து, 1890-களில் ஏறிக்கொண்டே போய் 1899 வாக்கில் தடாலென்று விழுகிறதா பாருங்கள். விழுந்தால் அதேதான். அப்புறம் வரைபடத்தைக் கவுண்டிவாரியாகப் போடாமல் சுரங்க வட்டாரவாரியாகப் போடுங்கள், கவுண்டி எல்லைக் கோடு மாறினாலும் தாதுப் படிவு நகராது.

ஒன்று மட்டும் கவனம்: அட்டவணையில் டாலர் மதிப்பு மட்டும் இருந்தால், தங்கத்தை டிராய் அவுன்சுக்கு (தங்கம், வெள்ளியை நிறுக்கும் அளவு) 20.67 டாலர் என்று வகுத்து எடையாக்கிவிடலாம், அந்தக் காலத்தில் அது நிலையான விலை. கொலராடோவின் லெட்வில், ஆஸ்பென் சுரங்க ஊர்களின் வெள்ளிக்கு இது சரிப்படாது. அமெரிக்க அரசு வெள்ளியை வாங்க வகை செய்த ஷெர்மன் வெள்ளிக் கொள்முதல் சட்டம் 1893-ல் ரத்தான சமயத்தில் வெள்ளி விலை சரிந்தது, அதனால் அந்தந்த ஆண்டு விலையால்தான் வகுக்க வேண்டும்.