பதில் தெரிகிறது, அவளைப் பார்த்தால் வாய் வரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

பெயர் வேண்டாம். தங்கச்சிமடம் பக்கம். பிளஸ் ஒன், பயாலஜி குரூப். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போவார்.

இந்த வருஷம் எங்கள் வகுப்பில் ஒரு பொண்ணு புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு மாற்றல் ஆகி மதுரையில் இருந்து வந்திருக்கிறார்கள். அழகா இருக்கா என்று பசங்க எல்லாரும் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தது அது இல்லை. அவள் கேள்வி கேட்பாள். எங்கள் வகுப்பில் யாரும் எழுந்து கேள்வி கேட்க மாட்டோம், கேட்டால் சிரிப்பார்கள். அவள் கவலையே படுவதில்லை. ஒருநாள் பவளப்பாறை பற்றி சார் சொல்லிக்கொண்டிருந்தபோது, "பாம்பன் பாலத்துல வரும்போது ஒரு பக்கம் தண்ணி அசையாம கிடக்கு, இன்னொரு பக்கம் அலை அடிக்குது, ஏன் சார்?" என்று கேட்டாள். போர்ஷன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சார் உட்கார வைத்துவிட்டார். அக்கா, எனக்கு அது தெரியும். அமைதியான பக்கம் பெண்கடல், அலை அடிக்கும் பக்கம் ஆண்கடல் என்று சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்தவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு இன்டர்வெல்லில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நானும் அவளும் மட்டும். ஏதாவது பேசணுமே என்று "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். மணி பதினொன்று கூட ஆகவில்லை. "இப்பவா?" என்று சிரித்துவிட்டு பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள். அதை நினைத்தால் இன்னும் ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அப்பாவோடு வலையில் இருந்து மீனை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவேன், அந்த வாடை என் கையில் அடித்திருக்குமோ என்றும் பயம். பசங்க வேறு அவள் உள்ளே வந்தாலே என் பெயரைச் சொல்லி இருமுகிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து அவள் நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன், டைப் பண்ணுவேன், அழிப்பேன்.

இது லவ்வா, வெறும் இனக்கவர்ச்சியா? வேறு யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடணுமா? அம்மாவிடம் சொல்லலாமா?

*

தம்பி,

முதலில் அந்த "சாப்பிட்டியா"வை விடு. நம் ஊரில் பாதிப் பேர் பேச்சைத் தொடங்குவதே அப்படித்தான், உனக்கு நேரம்தான் இடித்துவிட்டது. அவளும் சிரித்தாள் என்றுதான் எழுதியிருக்கிறாய், முறைத்தாள் என்று எழுதவில்லை.

பிடித்தவர் முன்னால் நிற்கும்போது உடம்பு அதை ஆபத்து போல எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் உலர்கிறது, கை வியர்க்கிறது, யோசித்து வைத்த வார்த்தை காணாமல் போகிறது. மேடை ஏறும் எல்லோருக்கும் நடப்பதுதான், உன்னிடம் தனியாக ஒரு கோளாறும் இல்லை. இன்னொன்று, நம்மை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்று நாம் நினைக்கும் அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று அதைப் போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். உன் தண்ணீர்க்குழாய்க் கதையை அவள் மதியத்துக்குள் மறந்திருக்கலாம், நீதான் ராத்திரி ராத்திரியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். மீன் வாடைக்கு சோப்பும் எலுமிச்சைத் தோலும் போதும். அதற்கு மேல் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உன் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் அதே தொழில் என்று எண்ணிப் பார்.

சரி, என்ன பேசுவது? உன் கடிதத்தில் எனக்கு ஆச்சரியம் இதுதான். வசனம் தேடி அலைகிறாய், ஆனால் அவள் வகுப்பு நடுவில் எழுந்து கேட்ட கேள்வி இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது. அந்தப் பதில் உன் வீட்டில் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, இந்தப் பக்கம் நம் கரையும் அந்தப் பக்கம் இலங்கையும் மறித்துக்கொண்டிருக்கின்றன, பெரிய அலை எழும்ப இடமில்லை. மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடக்கிறது, அலை நேராக வந்து அடிக்கிறது. இவ்வளவும் புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பினால் இந்தச் சாதுவான பெண்கடலே முரண்டு பிடிக்கும், அப்போது என்ன செய்வோம் என்பதை உன் அப்பா மாதிரி ஒருவர்தான் சொல்ல முடியும். "அன்னைக்கு கடல் பத்திக் கேட்டியே, எங்க அப்பா அதுக்கு ஒண்ணு சொல்லுவாரு" என்று தொடங்கு. இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்து, பாடம் எடுக்காதே. "நீ முதல்ல பார்த்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேள். அடுத்த கேள்வியை முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகாதே, அவள் சொன்னதில் இருந்தே எடு. ஒருவர் சொன்னதைப் பிடித்து மேலும் கேட்பவர்களைத்தான் மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. வியக்க வைக்கத் தேவையில்லை என்பதே உன் பாதி பாரத்தைக் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பிலோ லேபிலோ நாலு பேர் இருக்கும் இடத்தில் செய். தனியாகப் பிடித்துப் பேசப் பார்க்காதே. அவள் "ம்", "சரி" என்று முடித்துக்கொண்டு நோட்டைப் பார்த்தால் உடனே விட்டுவிடு. அன்றைக்கு அவளுக்குப் பேச விருப்பமில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அப்படியே என்றால் விருப்பமே இல்லை என்று எடுத்துக்கொள். அந்த நம்பரையும் போனில் இருந்து எடுத்துவிடு. வீட்டுப்பாடத்துக்காக வகுப்புக்குத் தந்த நம்பர் அது, உனக்குத் தந்தது இல்லை. ஒருநாள் அவளே தந்தால் அது வேறு.

லவ்வா இனக்கவர்ச்சியா என்று தீர்ப்பு எழுத அவசரம் இல்லை. யாரும் கேள்வி கேட்காத வகுப்பில் துணிந்து கேட்பவளைப் பிடித்திருக்கிறது, உன் ரசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் பத்து வார்த்தை பேசாத ஒருத்தியிடம் போய்க் காதலைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? உன்னைத் தெரியாமலே ஆமாம், இல்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டிய இக்கட்டு அவளுக்கு. யாராவது முந்திக்கொள்வார்களே என்கிறாய். துண்டு போட்டு இடம் பிடிக்க அவள் என்ன பஸ் சீட்டா?

எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் அந்த இருமல். உனக்கு அது கூச்சம், கொஞ்சம் குஷியாகவும் இருக்கும், பொய் சொல்லாதே. அவளுக்கு அப்படி இல்லை. இந்தச் சின்ன ஊரில் ஒரு பையன் பெயரோடு சேர்த்துப் பேச்சு கிளம்பினால் டியூஷனை நிறுத்துவது, போனை வாங்கி வைப்பது எல்லாம் பொண்ணு வீட்டில்தான் நடக்கும். புது ஊர், பக்கத்தில் நிற்கத் தோழிகள் கூட இன்னும் சேர்ந்திருக்க மாட்டார்கள். கூட்டாளிகளில் உனக்கு ரொம்ப நெருக்கமானவனைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், இதோட நிறுத்துங்கடா" என்று சிரிக்காமல் சொல். அவளோடு பேசுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை அது.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், பள்ளிக்கூடம் போகவே மனசில்லை என்று ஆனால் 14416க்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவிடம் தாராளமாகச் சொல். லவ் என்று தொடங்கி அவரைப் பதற வைக்காதே. வகுப்புக்குப் புதிதாக ஒரு பொண்ணு வந்திருக்கிறாள், கடலைப் பற்றி நல்ல கேள்வி கேட்டாள், எனக்குப் பேச வரவில்லை என்று நடந்ததைச் சொல். "ஒழுங்கா படிக்கிற வேலையப் பாரு" என்பார், அதைச் சொல்லாத அம்மா எந்த ஊரிலும் கிடையாது. சொல்லிவிட்டு, அவள் யார், எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று விசாரிக்கவும் செய்வார்.